எங்கள் அப்பா என்ன, சோதனை எலியா?



சென்ற ஆண்டு இறுதியில் ஒரு சனிக்கிழமை மாலை கிள்ளானிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. தூரத்து உறவில் எனக்கு மாமா முறை வேண்டிய ஒருவருக்குப் பக்கவாதம். வயது 61. லாரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். முதல் நாள் காலையில் தேத்தண்ணீர்க் குவளை கை நழுவி விழுந்திருக்கிறது, பேச்சும் குழறியிருக்கிறது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போனதால் பெரிய சேதமில்லை. மூளைக்குப் போகும் சிறிய இரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள்.

தொலைபேசியில் பேசியவர் அவருடைய மகன். குரலில் கோபம்.

"அண்ணே, வார்டுக்கு ஒரு டாக்டர் வந்து தாள் ஒன்னு நீட்டுறாரு. மறுபடி ஸ்ட்ரோக் வராம தடுக்க புது மாத்திரையாம். பாதிப் பேருக்குத்தான் அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையாம். யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். நாளைக்குக் காலையில பதில் சொல்லணுமாம். எங்க அப்பா என்ன, சோதனை எலியா?"

நியாயமான கேள்விதான். இருதய நோயும் பக்கவாதமும் நம்மவர் வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59 வயதில் வருகிறது என்று 2007-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு காட்டியது. ஆகவே இந்தத் தாள் இன்றோ நாளையோ உங்கள் வீட்டுக்கும் வரலாம். அன்று மாலை நான் அந்தத் தம்பியிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

டாக்டருக்கே தெரியாமல் ஏன்?

முதலில் ஒரு பழைய கதை. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்கள் சிலருக்கு இருதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980-களில் அந்தத் துடிப்பை அடக்கும் மருந்துகள் வந்தன. துடிப்பு ஆபத்து என்றால், அதை அடக்கினால் உயிர் பிழைக்கும் அல்லவா? அமெரிக்காவில் ஏராளமான நோயாளிகளுக்கு இந்த மருந்துகளை எழுதிக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் இ.சி.ஜி. தாளில் துடிப்பு சீராகத்தான் தெரிந்தது. டாக்டருக்கும் மகிழ்ச்சி, நோயாளிக்கும் மகிழ்ச்சி.

பிறகுதான் சிலர் இதைச் சரிபார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மருந்துக்குத் துடிப்பு அடங்கிய நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, மறு பிரிவுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் கவனித்தார்கள். 1989-இல் ஆய்வின் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் இறந்தவர்கள் 22 பேர்.

துடிப்பை அடக்கிய மருந்தே பலரைக் கொன்றிருக்கிறது. இதை எந்த டாக்டரும் தன் சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. மாரடைப்பு வந்த ஒருவர் ஆறு மாதம் கழித்து இறந்தால், பாவம், நோய் முற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். மருந்தின்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

குலுக்கல் எதற்கு என்றால், டாக்டர் தன் விருப்பப்படி பிரித்தால் திடமானவர்களுக்குப் புது மருந்தும் தளர்ந்தவர்களுக்குப் பழைய மருந்தும் போய்விடும். பிறகு மருந்தால் பிழைத்தாரா, உடல்வாகால் பிழைத்தாரா என்று தெரியாது. யாருக்கு எது என்பதை டாக்டரிடமிருந்தும் மறைப்பது அவரும் மனிதர் என்பதால். புது மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் "முகம் தெளிந்திருக்கிறதே" என்று அவர் கண்ணுக்கே தோன்றிவிடும்.

மிதுன ராசிக்கு ஆகாத ஆஸ்பிரின்

சின்ன ஆய்வு போதாதா, ஏன் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கிறார்கள் என்றும் கேட்கலாம். 1988-இல் வெளிவந்த 'ஐசிஸ்-2' என்ற ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடத்தினார்கள். 417 மருத்துவமனைகள், மாரடைப்பு வந்த 17,187 நோயாளிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, ஒரு மாதம் தினமும் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று நான்கு பிரிவு. ஐந்து வாரத்தில் இரண்டும் கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 13 பேர் இருதய, இரத்தக் குழாய்க் கோளாறால் இறந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர்.

நூற்றுக்கு ஐந்து உயிர் என்பது உலக அளவில் பெரிய எண்ணிக்கை. ஆனால் ஆண்டுக்கு 50 மாரடைப்பு நோயாளிகளைப் பார்க்கும் ஒரு டாக்டருக்கு அது ஆறேழு மரணத்துக்கும் நான்கு மரணத்துக்கும் உள்ள வித்தியாசம். அதிர்ஷ்டத்தால்கூட அப்படி அமையலாம். எத்தனையோ ஆண்டாக எல்லார் வீட்டு மருந்துப் பெட்டியிலும் கிடந்த ஆஸ்பிரின், மாரடைப்பு வந்தவரின் உயிரைக் காக்கும் என்பதை ஐயமறக் காட்டப் பதினேழாயிரம் பேர் தேவைப்பட்டார்கள்.

இந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்த வகை நோயாளிக்கு அதிகப் பலன் என்று பிரித்துப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டபோது, ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்! மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்வதுபோலவும், மற்ற ராசிகளுக்குப் பெரும் நன்மை செய்வதுபோலவும் கணக்கு வந்தது. (வெள்ளைக்காரர்கள் பிறந்த தேதியை வைத்துச் சூரியன் நிற்கும் ராசியைப் பார்ப்பார்கள், நம்மைப்போல் சந்திரனை வைத்து அல்ல. ஆகவே மிதுன ராசி நேயர்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.) சிறு சிறு துண்டாக நறுக்கினால் கணக்கு எதை வேண்டுமானாலும் சொல்லும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள்.

ஆஸ்பிரின் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. மாரடைப்போ அடைப்பினால் பக்கவாதமோ வந்தவர்களுக்கு டாக்டர் கொடுத்திருந்தால் நிறுத்தக் கூடாது. ஆனால் ஒரு நோயும் இல்லாத முதியவர்கள் "முன்னெச்சரிக்கை" என்று தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுவது வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேரிடம் இதைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் முடங்காமல் வாழும் காலம் ஆஸ்பிரினால் கூடவில்லை. கடுமையான இரத்தக் கசிவு மட்டும் கூடியது.

மூளைக் குழாயில் இரண்டு வைத்தியம்

மாமாவின் நோய்க்கு வருவோம். மூளைக்குள் இருக்கும் இரத்தக் குழாய் சுருங்கி ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்து விரித்துவிட்டால் மறுபடி வராது. கேட்கவே சரியாக இருக்கிறது, இருதயத்துக்குச் செய்வதுதானே! ஆனால் அமெரிக்காவில் இதை முறையாகச் சோதித்தபோது, 451 பேர் சேர்ந்த நிலையில் 2011-இல் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் முப்பது நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் 14.7 விழுக்காடு. ஸ்டென்ட் இல்லாமல் மருந்து, இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாடு, கொழுப்புக் கட்டுப்பாடு என்று கவனித்தவர்களில் 5.8 விழுக்காடு.

அதே தொடை, ஏறக்குறைய அதே கம்பி, இன்னொரு வேலை. பக்கவாதம் வந்த ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போய், பெரிய குழாயை அடைத்திருக்கும் இரத்தக் கட்டியை வெளியே இழுத்து எடுப்பது. நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மூன்று மாதம் கழித்துப் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் 19.1 விழுக்காடு, கட்டியையும் எடுத்தவர்களில் 32.6 விழுக்காடு. 2015-இல் வெளிவந்த இந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சிகிச்சை முறை மாறியது. இன்று பக்கவாதம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்று பலித்தது, ஒன்று கெடுத்தது. முன்கூட்டியே எது எது என்று சொல்லியிருக்க முடியுமா? அந்த ஆய்வுகளில் கையெழுத்துப் போட்ட நோயாளிகளால்தான் நமக்கு இன்று தெரிகிறது.

நம் நாட்டில் நடந்தது

ஆய்வு என்றாலே புது மருந்து என்று நினைக்க வேண்டாம். மலேசியாவிலும் கொலம்பியாவிலுமாக 30 வட்டாரங்களில், இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாத 1,371 பேரிடம் 'ஹோப்-4' என்ற ஆய்வு நடந்தது. இதில் குலுக்கியது நோயாளிகளை அல்ல, வட்டாரங்களை. சில வட்டாரங்களில் வழக்கம்போல் கிளினிக் சிகிச்சை. மற்ற வட்டாரங்களில் டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் கையில் சிறு கணினியோடு நோயாளிகளைப் பார்த்து, டாக்டரின் மேற்பார்வையில் பழைய, விலை குறைந்த மருந்துகளையே இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே வீட்டிலோ நட்பிலோ ஒருவரை நியமித்தார்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்பது அவர் வேலை.

ஓராண்டில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 140-க்குக் கீழே வந்தவர்கள் வழக்கமான வட்டாரங்களில் 30 விழுக்காடு, இந்த ஏற்பாடு இருந்த வட்டாரங்களில் 69 விழுக்காடு. 2019-இல் வெளிவந்த முடிவு இது. நம் வீடுகளில் மாத்திரைப் பொட்டலம் அலமாரியில் தூங்குவதை நினைத்துப் பாருங்கள். நம்மவர்களுக்குப் புது மருந்தைவிட, கேட்பதற்கு ஒரு ஆள்தான் முதலில் வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேரடி விற்பனையில் புட்டிகளாக வரும் பழச்சாறுகள், "இருதய அடைப்பைக் கழுவிவிடும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்கின்றன. புட்டி 200 வெள்ளி. விற்க வருபவரிடம் கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? குடிக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்கள்? யார் எதைக் குடித்தார்கள் என்பது மறைக்கப்பட்டதா? எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள்? பதிலுக்கு யாரோ ஒரு அக்காவின் கதைதான் வரும். அந்தச் சாற்றை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வார்டுக்கு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துக்கு முன்

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். வெறும் மாத்திரை என்றால் வைத்தியமே இல்லை என்று பொருளல்ல. அப்பாவுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டிய மருந்து தொடர்கிறதா, அதன்மேல்தான் இது கூடுதலா என்று கேள். நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வா என்று கேள். நம் நாட்டில் சுகாதார அமைச்சுக்கு அப்படி ஒரு குழு உண்டு, பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கும் உண்டு. சிங்கப்பூரில் புது மருந்து என்றால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பார்வைக்கும் போக வேண்டும். பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது? பாதியில் விலகலாமா? விலகலாம் என்பதுதான் விதி, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. மறுத்தாலும் வார்டில் கவனிப்புக் குறையக் கூடாது. தாள் புரியவில்லை என்றால் புரியும் மொழியில் விளக்கச் சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கும்போதுதான் விளக்க வேண்டும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் எந்த மருந்தும் எங்காவது இரத்தம் கசிய வைக்கலாம். புது மருந்தால் அப்பாவுக்கு நன்மை என்றும் யாரும் உறுதி கொடுக்க முடியாது. உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. வேண்டாம் என்று சொன்னாலும் அது தப்பில்லை என்றேன்.

மறுநாள் காலை மருமகள் மலாயில் இருந்த தாளை வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறார். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். எல்லாம் முடிந்ததும் அத்தைதான் டாக்டரைப் பார்த்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு இவருக்கு மூக்குல ரத்தம் வந்தா நான் யாருக்குப் போன் போடுறது?" என்று கேட்டாராம். நான் சொல்லிக் கொடுத்த எல்லாக் கேள்வியையும்விட அது நல்ல கேள்வி. டாக்டர் எந்நேரமும் அழைக்கக்கூடிய எண் உள்ள அட்டை ஒன்றைக் கொடுத்தார். மாமா கையெழுத்துப் போட்டார். மகனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

மாமாவுக்குக் கிடைப்பது மருந்தா வெறும் மாத்திரையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தவணை தவறாமல் போய் வருகிறார். முன்பு ஆண்டுக்கொரு தடவைகூடப் பார்க்காத இரத்த அழுத்தத்தை இப்போது அத்தை காலையும் மாலையும் அளந்து, பேரனின் பழைய பள்ளி நோட்டில் எழுதி வைக்கிறார். அந்த அட்டை குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.