கீழைக்கரைப் பொருட்கள் – 9: முதலியாரின் வாள்

கஸ்தானே என்பது இலங்கையில் செய்யப்பட்ட வாள். நீளம் குறைவு, சற்றே வளைவு, ஒரு பக்கம் மட்டும் கூர். பிடியின் உச்சியில் வாய் பிளந்த விலங்குத் தலை ஒன்று இருக்கும். அது சிங்கமா மகரமா என்று ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. விரல்காப்பின் நுனியிலும், பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நீளும் கொம்புகளின் நுனிகளிலும் அதே விலங்கின் குட்டித் தலைகள் வளைந்து நிற்கும். கண்களில் சிவப்புக் கல் பதிப்பதுண்டு. மாட்டுக்கொம்பு, யானைத்தந்தம், பித்தளை, வெள்ளி, பொன் என்று உடையவரின் தகுதிக்கேற்பப் பிடியின் பொருள் ஏறும். இலங்கைக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பதும் இந்த வாள்தான்.

கண்டி அரசில் இவ்வேலைக்கென்றே தனிப் பட்டறை இருந்தது. அரசனின் நான்கு பட்டறைகளில் ஒன்றான ‘ரன் கடு’ பட்டறையில் பொன்வாள்கள் உருவாயின. ஆனால் பிடியைச் செய்த கைதான் அலகையும் அடித்தது என்று சொல்ல முடியாது. பல கஸ்தானேக்களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை அலகிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுக்கு உள்ளூர்க் கம்மாளர் பிடி பூட்டினார்கள். வாள் எதிர்த்திசையிலும் பயணித்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாராளுமன்றப் படைக் கேணல் அலெக்சாண்டர் பொப்பாம், தம் ஓவியத்தில் கஸ்தானே பூண்டு காட்சி தருகிறார்.

இந்த வாள் பரிசாகவும் பதவிச் சின்னமாகவும் ஆனதற்கு லஸ்கரின் படையே காரணம். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கரையோரத்தில் நிலத்துக்குப் பதிலாகச் சேவை செய்த உள்ளூர்ப் போராளிகளே லஸ்கரின்கள். சண்டை இல்லாத நாட்களில் அவர்கள் வயலில் இருந்தார்கள். சிறு குழுவுக்கு ஆராச்சி, அவருக்கு மேல் முகாந்திரம், எல்லாருக்கும் மேல் முதலியார் என்று அதிகாரம் அடுக்கப்பட்டிருந்தது. முதலியார் என்றால் அன்று படைத்தலைவர்; பேனா பிடித்த அதிகாரியாக அவர் ஆனது பிற்பாடு. விசுவாசமாக நடந்த முதலியாருக்குத் தேசாதிபதி பொற்சங்கிலியும் பதக்கமும் வாளும் வழங்கினார். கம்பனி கணக்குப் பார்க்கும் நிறுவனம். ஒரு வாளின் செலவில் ஒரு பிரதேசத்தின் ஆட்பலம் கைக்குள் நின்றது என்றால் அதற்கு அது மலிவான பேரம்.

இந்த அமைப்பு வலுவாக வேரூன்றியது கொழும்பு, காலி, மாத்தறைப் பக்கங்களில். கிழக்கே கல்முனைக் கரையின் கதை வேறு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது இப்பகுதி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. கரைவாகு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று பிரிந்திருந்த இந்நிலத்தில் தலைமை வன்னியனார் என்ற வட்டாரத் தலைவரிடமும் போடிமார் என்ற பெருநிலக்காரரிடமும் இருந்தது. அவர்களுடைய அதிகாரம் வயலிலிருந்தும் குடி என்னும் தாய்வழிக் குலமுறையிலிருந்தும் வந்தது. அதற்கு வாள் தேவைப்படவில்லை. இங்கே பழைய கஸ்தானே ஒன்று கிடைத்தால், அது மலைநாட்டு வழியாக வந்ததா, பிரித்தானியர் காலத்துப் பட்டத்தோடு வந்ததா என்று கேட்பதே சரியான தொடக்கம்.

பட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இக்கரைக்கு மேற்கே உள்ள வெல்லஸ்ஸ காட்டியது. தவளமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிப்போன முஸ்லிம்களுக்கு அது பழகிய நிலம். 1817இல் பிரித்தானியர் அங்குள்ள முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை அவர்கள்மீது அதிகாரம் செலுத்திய மாகாணத் தலைவரான மில்லேவ திசாவைக்கு இது நேரடி அடி. அரசுரிமை கோரி ஒருவர் தோன்றியதும் அவரைப் பிடிக்க ஹாஜி மரிக்கார் அனுப்பப்பட்டார். கிளர்ச்சிக்காரரிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் பதுளையின் உதவி வதிவிட அதிகாரி வில்சனும் கொல்லப்பட, ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி பற்றிக்கொண்டது. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியோடு சேர்ந்தார். சேருமுன் பிரித்தானியர் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பினார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. 1818 நவம்பரில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அதன்பின் வாளின் வேலை மாறியது. இராசகாரியம் என்ற கட்டாயச் சேவை 1832இல் ஒழிந்தபோது, முதலியாரின் கீழ் ஆட்களைத் திரட்டும் பழைய அடிப்படையும் போனது. படைப்பதவி நிர்வாகப் பதவியானது; பின்னர் வெறும் கௌரவப் பட்டமுமானது. தேசாதிபதியின் வாசலோடு தொடர்புபட்ட கேட் முதலியார் பட்டம் அத்தகையது. 1956இல் கல்முனைத் தொகுதியில் தமிழரசுக் கட்சி வேட்பாளராக வென்ற எம்.எஸ். காரியப்பரின் பெயருக்கு முன்னால் இந்தப் பட்டமே நின்றது. தென்னிலங்கை முதலியார்கள் அரச வைபவங்களில் பூண்ட கஸ்தானேக்கு இக்கட்டத்தில் கூர் தேவையில்லை, பளபளப்பே போதும். ஆயுதம் உடையின் ஒரு பகுதியாகிப்போனது.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது. 1803இல் இலண்டனில் தொடங்கிய லொயிட்ஸ் தேசபக்த நிதியம் வீரம் காட்டிய அதிகாரிகளுக்கு 30, 50, 100 பவுண் மதிப்பில் மூன்று தரத்தில் வாள்கள் தந்தது. அங்கே அலகிலேயே பெற்றவரின் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டன. கஸ்தானே அந்த வகையில் ஊமை. பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. யார் யாருக்குக் கொடுத்தது என்பதைக் குடும்ப ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பழமையை வேலைப்பாட்டில்தான் தேட வேண்டியிருக்கிறது. பழைய பிடிகளில் விலங்கின் பல், பிடரி, செதில் ஒவ்வொன்றும் உளியால் தனித்தனியே வெட்டப்பட்டிருக்கும். பிற்காலத்தில் விற்பனைக்கு வார்த்தவற்றில் அவை மழுங்கி ஒன்றோடொன்று கலந்திருக்கும். அலகும் மெல்லிய தகடுதான். வி.ஓ.சி. முத்திரையை மட்டும் நம்புவது புத்திசாலித்தனமல்ல. கம்பனி 1799இல் கலைந்த பிறகும் அதன் அலகுகள் கையில் இருந்தன. பழைய அலகுக்குப் புதுப் பிடி பூட்ட எந்தத் தடையும் இல்லை.

உரிமைக்கதை தெளிவாக உள்ள கஸ்தானேக்களில் இரண்டு அண்மையில் நாடு திரும்பின. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துப்போன பொன் கஸ்தானேயும் வெள்ளி கஸ்தானேயும், லெவுக்கே பீரங்கி உள்ளிட்ட வேறு நான்கு பொருட்களுடன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. வீடுகளில் உள்ள வாள்களைப் பொறுத்தவரை, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு எல்லையாக வைத்தது 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தத்தின் நாள். அந்த அளவுகோலின்படி ஒல்லாந்தத் தேசாதிபதி கொடுத்த வாள் தொல்பொருள். விக்டோரியா காலத்து முதலியார் பெற்றது அல்ல.