கறள் பிடித்த பழைய லாண்ட் ரோவரை நாமே திருத்தலாமா?

வளவின் மூலையில் பற்றைக்குள்ளே பழைய லாண்ட் ரோவர் ஜீப் ஒன்று கிடக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் விட்டுச் சென்றதாக இருக்கலாம். எவரோ மலிவு விலைக்குத் தந்ததாகவும் இருக்கலாம். ரயர் உக்கிவிட்டது. கதவு திறக்காது. தொட்ட இடமெல்லாம் கறள் செதில் செதிலாக உதிர்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் படலையில் வந்து நிற்கிறார். கொடுத்துவிடுவதா, திருத்துவதா?

மெக்கானிக் வேலையை முன்பின் அறியாத குடும்பங்களுக்கு இக்கேள்வியில் உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு கூறப்படுபவற்றுள் பல, உழவு இயந்திரத்திற்கும் பொருந்தும்.

காணிக்காகப் பிறந்த வாகனம்

இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர் மொறிஸ் வில்க்ஸ். அங்கிள்சி தீவிலிருந்த தமது காணியில், யுத்தத்தில் எஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை அவர் பாவித்து வந்தார். அதைப் போன்று விவசாயிக்கு உதவும் வாகனமொன்றைச் செய்யும் எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதலாவது லாண்ட் ரோவர் காட்டப்பட்டது. முதலாம் வரிசை 1958 வரையும், அதன்பின் இரண்டாம், மூன்றாம் வரிசைகள் 1985 வரையும் வெளிவந்தன. எமது நாட்டிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் இவை நெடுங்காலம் உழைத்தன.

யுத்தத்திற்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் உடற்பகுதியின் பெரும்பாகத்தை அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்தார்கள். அடியில் உள்ள சட்டம், அதாவது செசி, உருக்கினால் ஆனது. தகடுகள் பெரும்பாலும் போல்ட் நட்டினால் பூட்டப்பட்டவை. ஆகவே புதிதாகக் கற்பவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வசதியானது.

கறள் எப்படித் தின்கிறது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கறள் உண்டாகும். உப்பு இருந்தால் அது விரைவாகும். கரையோரக் கிராமங்களில் இதை நாம் நன்கு அறிவோம். அலுமினியத்தின் மேல் உருவாகும் மெல்லிய படை அந்த உலோகத்தைக் காக்கும். இரும்புக் கறளோ அவ்வாறன்று; உதிர்ந்து விழுந்து, அடுத்த படையையும் தின்னக் கொடுக்கும். அத்துடன் கறள், தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். நட்டுகள் இறுகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாண்ட் ரோவரின் செசி, நான்கு தகடுகளை ஒட்டிச் செய்த பெட்டி போன்றது. அதனுள்ளே சேறு புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே செசி பெரும்பாலும் உள்ளிருந்தே உக்குகிறது. வெளியே பெயின்ற் நன்றாக இருக்கும். உள்ளே வெறும் தாள்போல் மெலிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் கறளிலும் பார்க்க, தெரியாத கறளே ஆபத்தானது.

எமக்குத் தெரிந்த ஒருவர் தமது ஜீப்புக்கு முதலில் அழகாகப் பெயின்ற் அடித்தார். புது இருக்கையும் போட்டார். கையிலிருந்த காசு அத்தோடு முடிந்தது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு வரம்பொன்றைக் கடக்கும்போது, பின் ஸ்பிறிங்கைத் தாங்கும் பகுதி செசியிலிருந்து பிய்ந்து வந்தது. மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்த அவருடைய மகன் கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டான். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று முன்னோர் சொன்னது வீண்போகவில்லை.

காசு செலவழிக்க முன்னர்

முதலாவது, வாகனம் கிடக்கும் இடத்தைப் பற்றி விசாரியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத பற்றைக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது, பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் வாகனத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பத்திரம் இல்லாவிடின், திருத்திய பின்னரும் வீதியில் ஓட்ட முடியாமற் போகலாம்.

மூன்றாவது, சிறிய சுத்தியலால் செசி முழுவதையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். உள்ளே போனால் அடையாளமிடுங்கள். ஸ்பிறிங் பூட்டும் இடங்கள், பின்புறக் குறுக்குச் சட்டம், சாரதியின் கால் வைக்கும் பகுதி ஆகியவற்றை விசேடமாகப் பார்க்க வேண்டும்.

சில இடங்கள் மட்டும் பழுதானால், நல்ல இரும்பு வரை வெட்டிப் புதுத் தகடு ஒட்டலாம். இதனை அனுபவமுள்ள வெல்டிங்காரரிடமே விட வேண்டும். நீளச் சட்டங்கள் முழுவதும் உக்கியிருந்தால், வேறு நல்ல செசி கிடைத்தாலன்றித் திருத்த முயல வேண்டாம். அப்போதும் பழைய இரும்பாக நிறுத்து விற்காதீர்கள். கியர்ப்பெட்டி, அச்சு, அலுமினியத் தகடு ஆகியவற்றைத் தனித்தனியே விற்றால் கூடிய பணம் கிடைக்கும்.

கழற்றும் ஒழுங்கு

ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வாகனத்தின் கீழ் போக வேண்டாம். பாரம் தாங்கும் உறுதியான மரக்குற்றிகளை அடுக்கி, அவற்றின் மேல் செசியை இருத்துங்கள். இன்னொன்றையும் கவனிக்கவும். இந்த ஜீப்பின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. பின்னால் செல்லும் சுழல்தண்டையே பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றை உயர்த்தியதும் கைப்பிறேக் போட்டிருந்தாலும் வாகனம் உருளலாம். நிலத்திலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது கட்டாயம்.

இறுகிய நட்டில் ஊடுருவும் ஒயிலை விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, முதலில் சிறிது இறுக்கிப் பின் தளர்த்துங்கள். பழைய வாகனங்களில் அங்குல அளவு நட்டுகளே உண்டு. மில்லிமீற்றர் ஸ்பானரைக் கொழுவினால் மூலை தேய்ந்து, பின் எதற்கும் உதவாது.

கழற்றிய நட்டுகளை வெவ்வேறு ரின்களில் இட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்றுமுன் ஒரு படம் எடுத்து அல்லது கீறி வையுங்கள். விசேடமாக, முற்கால லாண்ட் ரோவர்களில் பற்றரியின் நேர் முனையே செசியோடு இணைக்கப்பட்டிருந்தது. பிந்தியவற்றில் மறை முனை. மாற்றிப் பூட்டினால் மின்சாதனங்கள் பழுதாகும்.

சிறிய கறள் பிடித்த பாகங்களை ஒரு நாள் வினாகிரியில் ஊற வைத்துக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். பின் கழுவி, நன்கு உலர்த்தி, உடனே ஒயில் பூசுங்கள்.

இயந்திரத்தை எழுப்புதல்

இறுகிக் கிடக்கும் இயந்திரத்தைப் பற்றரி கொடுத்துச் சுற்ற வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது மெல்லிய ஒயில் விட்டுச் சில நாட்கள் பொறுத்திருங்கள். பின் கியரை நியூற்றலில் வைத்து, முன்னால் கொழுவும் கைப்பிடியால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்றைய விரல்களின் பக்கமே இருக்க வேண்டும். ஸ்ராட் செய்கையில் இயந்திரம் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

இயந்திரம் சுற்றினால் பழைய ஒயிலையும் பெற்றோலையும் வெளியேற்றுங்கள். பெற்றோல் தாங்கி வெறுமையாக இருந்தாலும் அதற்கு வெல்டிங் பிடிக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பள்ளியில் இயந்திரவியல் படிக்காத பலரும் தேவையினால் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் வாகனமும் அவ்வாறு ஓடியதாயின் ஒயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும்.

ஓட முன்னர் நிற்க வேண்டும்

இயந்திரம் சத்தமிட்டதும் வீட்டார் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். அவசரப்பட வேண்டாம். இந்த வாகனங்களில் நான்கு சில்லுகளின் பிறேக்கிற்கும் பெரும்பாலும் ஒரே குழாய்த் தொடர்தான் உண்டு. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஆகவே பழைய இறப்பர்ப் பாகங்களையும் கறள் பிடித்த குழாய்களையும் மாற்றுங்கள். பிறேக் திரவத்திற்குப் பதிலாக இயந்திர ஒயிலை விடாதீர்கள். இறப்பர் ஊதிப் பழுதாகும். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அத்தூசு நுரையீரலுக்குக் கேடு. ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ஒருமுறை பரிசோதியுங்கள்.

பூட்டு உள்ள ரயரும் வெடித்திருந்தால் கூடாது. பெயின்ற் கடைசி வேலை. இரும்பும் அலுமினியமும் முட்டும் இடங்களில் இறப்பர்த் துண்டோ பெயின்றோ இடுங்கள். ஈரம் பட்டால் அங்கே அலுமினியம் வெள்ளைத் தூளாகிவிடும்.

செசி, பிறேக், இயந்திரம், பின்பு பெயின்ற். பணம் குறைவாயின் இந்த ஒழுங்கில் எங்கே நின்றாலும் நட்டமில்லை. ஒழுங்கை மாற்றினால் முழுவதும் நட்டமாகலாம். ஒரு மழைகாலம் கழிந்து அடுத்த மழைகாலம் வரை வேலை இழுபடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளையும் அருகில் வைத்து ஸ்பானர் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பதறாத காரியம் சிதறாது. ஜீப் ஓடத் தொடங்கும் நாளில், வீட்டில் ஒரு தொழிலும் கைவசம் இருக்கும்.