பாடநூல் கைப்பேசிக்கு வந்தால் போதுமா? திறக்கவும் வேண்டுமே!

செலண்டார் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பாடநூல் இரவல் திட்டம் நன்கு பழக்கம். 1975-இல் தொடங்கிய அத்திட்டம், 2008 முதல் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் விரிந்தது. ஒரு பிள்ளை படித்த புத்தகம் மறு ஆண்டு இன்னொரு பிள்ளைக்குப் போகும். இப்போது கல்வியமைச்சின் டெலிமா தளத்தில் மின்பாடநூல்களும் கிடைக்கின்றன. அவையும் அப்படிக் கைமாறுமா என்பதைக் கோப்பின் வடிவமே முடிவு செய்கிறது.

ஈபப், பிடிஎஃப் இரண்டும் திறந்த வடிவங்கள். அவற்றின் அமைப்பு விவரம் எல்லாருக்கும் பொது என்பதால் எந்த நிறுவனமும் அவற்றைத் திறக்கும் செயலியைச் செய்யலாம். மூடிய வடிவமோ ஒரே நிறுவனத்தின் செயலியில், பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் திறக்கும். நிறுவனம் கடையை மூடினால்?

2019-இல் அதுதான் நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஏப்ரலில் தன் மின்னூல் விற்பனையை நிறுத்தியது. ஜூலையில், வாங்கியவர்களின் நூல்களே திறக்காமல் போயின. பணம் திரும்பக் கிடைத்தது. நூலில் குறிப்பெழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த 25 டாலரால் என்ன பயன்?

பிடிஎஃப் திறந்த வடிவம்தான் என்றாலும் சிறிய திரையில் தொல்லை. பக்கம் அச்சில் உள்ளபடியே நிற்பதால், விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும். ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். 2013-இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளம் ஒரே நூலை ஈபப்பாகவும், சிறு திரைக்கான பிடிஎஃப்பாகவும் தருகிறது. நம் பாடநூல்களுக்கும் இது எட்டாததல்ல.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப், பார்வைக்குத் தமிழாகத் தெரியும். நகலெடுத்தால் புரியாத குறிகள் வரும். அதில் சொல்லைத் தேட முடியாது. பார்வைக் குறையுள்ள மாணவருக்குக் கைப்பேசி வாசித்தும் காட்டாது.

திறந்த வடிவம் என்றால் பதிப்புரிமை இல்லை என்று பொருளல்ல; அது வேறு விஷயம்.

பெற்றோர் வீட்டிலேயே சோதிக்கலாம். பதிவிறக்கிய பாடநூலை டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். தம்பியின் கைப்பேசிக்கு மாற்றி, அங்கும் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.