சும்மா வந்தவனுக்கு சிம்மாசனம்!

'ஹாம்லெட்' என்றாலே மண்டை ஓடும் புலம்பலும்தான் பலருக்கு ஞாபகம். எனக்கோ, அதில் தலைகாட்டிவிட்டுப் போகிற ஃபார்ட்டின்ப்ராஸ் மேல்தான் கண்!

1603-ல் முதலில் அச்சான இந்த ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள் மூன்று பேர். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட், அப்பாவைக் கொன்று ராஜாவான சித்தப்பாவைப் பழிவாங்க யோசித்து யோசித்தே நாளைக் கடத்துகிறான். நடுவில், திரைக்குப் பின்னால் நிற்பது ராஜாதான் என்று குத்தினால்... செத்தது மந்திரி! மந்திரி மகன் லேயர்ட்டீஸுக்கோ யோசனையே கிடையாது. கும்பலோடு வந்து அரண்மனைக் கதவையே உடைத்தான். அப்புறம் வாள்முனையில் விஷம். கடைசிக் காட்சியில் மட்டும் நாலு பிணம்.

மூன்றாமவன்தான் நம்ம ஃபார்ட்டின்ப்ராஸ், நார்வேக்காரன். அவன் அப்பாவைக் கொன்றது ஹாம்லெட்டின் அப்பா. பழிவாங்கப் படை திரட்டியவன், நார்வே ராஜா ஒரு அதட்டல் போட்டதும் 'சரிங்க'ன்னு போலந்து பக்கம் போய்விட்டான். திரும்பும்போது டென்மார்க் நாற்காலி காலி! (ஆபீஸ் ப்ரமோஷன் ஞாபகம் வருதா?) ஹாம்லெட்டே தன் ஓட்டு அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறான்.

டென்மார்க்கில் மனுஷன் வாளையே உருவவில்லை. வந்தான், பார்த்தான், பிணங்களைத் தூக்கச் சொன்னான்.