இரைப்பை இல்லாத மீனுக்குக் கொஞ்சம் புளிப்பு

காசிமேட்டில் வாங்கி வந்த வஞ்சரத்தை வெட்டும்போது, அதன் வயிற்றுக்குள் முழு நெத்திலி ஒன்று கிடப்பதைத் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் சிலராவது பார்த்திருப்பீர்கள். ரோகு மீனை வெட்டினால் அப்படி எதுவும் கிடைக்காது. நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி, இழுக்க இழுக்கக் குடல்தான் வரும். இரைப்பையைத் தேடாதீர்கள். ரோகு, கட்லா, மிர்கால் எல்லாம் கெண்டை இனம். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது! வாயிலும் பல் இல்லை. பல் தொண்டைக்குள் இருக்கிறது. அங்கே அரைபடுகிற இரை நேரே குடலுக்குப் போய்விடும்.

சென்னைக்கு வரும் ரோகுவில் நிறைய, ஆந்திராவின் கொல்லேறு பக்கத்துக் குளங்களில் வளர்ந்து, ஐஸ் போட்டு லாரியில் வருபவை. அங்கே தீவனம் வைப்பதே பார்க்க அழகு. சாக்கில் தவிடும் புண்ணாக்கும் நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, மூங்கில் கம்பில் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். மீன்கள் ஓட்டையில் வாயை வைத்து இழுத்துத் தின்னும்.

தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம். எலும்பு வளர அது வேண்டும். ஆனால் அதில் பெரும்பங்கு பைட்டிக் அமிலத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. துத்தநாகம், கால்சியத்தையும் அந்த அமிலம் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டைத் திறக்கும் சாவி மீனிடம் இல்லை. அதனால் பாஸ்பரஸ் கழிவோடு வெளியேறி, குளத்தில் பாசியை வளர்க்கும்.

சாவியின் பெயர் பைட்டேஸ். அது ஒரு நொதி. பெரிய வெங்காயத்தின் தோலில் கறுப்புப் பொடி ஒட்டியிருக்குமே, அந்த வகைப் பூஞ்சையிலிருந்துகூட இதை எடுக்கலாம். தீவனத்தில் கலந்து கொடுத்தால் போதாதா? அங்கேதான் சிக்கல். இந்த நொதிக்குப் புளிப்பு வேண்டும். நம் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. ரோகுவுக்கு இரைப்பையே இல்லையே!

மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரோகுக் குஞ்சுகளுக்குப் பைட்டேஸோடு சிட்ரிக் அமிலத்தையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழத்தின் புளிப்பு அதுதான். குஞ்சுகளின் எலும்பில் தாதுச்சத்து கூடியது. மீனிடம் இல்லாத ஓர் உறுப்பின் வேலையைத் தீவனத்திலேயே வைத்துக் கொடுத்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரோகு வாங்கினால், குடலைத் தூக்கி எறிய வேண்டாம் என்று மீன் வெட்டும் அக்காவிடம் சொல்லி வையுங்கள். ஒரு நூலை எடுத்து முதலில் மீனை அளந்து பாருங்கள், பிறகு குடலை. நூல் எத்தனை மடங்கு வருகிறது?