பர்மா நகரில் ஒரு தாத்தாவைத் தேடுவது எப்படி?

வடசென்னையில் எர்ணாவூரை ஒட்டி ஒரு பர்மா நகர் இருக்கிறது. பெயர் சும்மா வந்ததல்ல. 1964இல் ரங்கூனில் நே வின்னின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. கையில் இருந்ததை எல்லாம் இழந்து கப்பலேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் வடசென்னையில் தங்கினார்கள். அந்த ஆண்டுகளில் பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர் என்கிறது அரசுக் கணக்கு. தாத்தா அங்கே என்ன வேலை பார்த்தார், பாட்டியை எந்த வருஷம் கட்டினார் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பதில் கிடைக்கும். ஆனால் தேடவேண்டிய இடம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு.

முதல் வேலை, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஆண்டாக மாற்றுவது. தேதி சொல்லமாட்டார்கள், "ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முந்தின வருஷம் கல்யாணம்" என்பார்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அப்படியானால் கல்யாணம் 1940 வாக்கில். சென்னைக்காரர்களுக்கு இதே மாதிரி ஒரு அடையாளம், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்ட நாள்: 1914 செப்டம்பர் 22. "எம்டன் வந்தப்ப கைக்குழந்தை" என்று ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னால் அவர் பிறந்த ஆண்டு கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். நாளைக் குறுக்கிக்கொண்டபின்தான் அலுவலகப் படி ஏறவேண்டும். 'சுமார் 1930 முதல் 1960 வரை' என்று கேட்டால் எந்த எழுத்தரும் பழைய பதிவேட்டை எடுக்க எழுந்திருக்கமாட்டார்.

பர்மாவுக்குப் போனவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் டிக்கெட் வாங்கி, கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் போய்விடலாம். பாஸ்போர்ட் கிடையாது, ஆளுக்கொரு அனுமதிச் சீட்டும் கிடையாது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் வந்தார்கள், பெயராக வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் கதை நேரெதிர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. அன்றுமுதல் 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய 1,52,184 பேருக்கும் வரிசை எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதி வைத்தார்கள். 1903 முதல் சென்னையிலிருந்து பிஜிக்குப் போனவர்களின் சீட்டில் மணமானவரா, யாரை மணந்தவர் என்ற பத்தியும் உண்டு. ஐந்து வருஷம் கட்டுண்டு போனவரின் மனைவி பெயர் காகிதத்தில் இருக்கிறது. தன் காசில் ரங்கூன் போனவரின் மனைவி பெயர் எங்கும் இல்லை. ஆவணம் என்பது நம்மை நினைவில் வைக்க எழுதப்பட்டதல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்கு எழுதப்பட்டது. தேடுகிறவர் இதை மறக்காமல் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கல்யாணத்தைப் பதியாததன் விலை என்ன என்பதையும் தென்னாப்பிரிக்காவில்தான் தமிழர்கள் கண்டார்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணமே செல்லும் என்ற நிலையை உண்டாக்கியது. இந்து, முஸ்லிம் பெண்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவியர் இல்லை என்றானார்கள். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்திய சத்தியாக்கிரகப் போராட்டத்தில் பெண்கள் திரண்டு சிறை சென்றதற்கு இது பெரிய காரணம். சிறையில் உடல் நலிந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருவர்.

வடசென்னைக்கு வருவோம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அதிர்ஷ்டம். 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் பதிவுப் படிவத்தில் மணமக்கள் வயது, குடியிருப்பு, தகப்பன் பெயர், சாட்சிகள் எல்லாம் உண்டு. தொழில் என்ற பத்தியும் உண்டு. ஒரே வரியில் கல்யாணமும் பிழைப்பும் சேர்ந்து வரும் ஆவணம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ராயபுரத்தில் படகோட்டிகள் சமூகம் கட்டிய புனித ராயப்பர் ஆலயம் போன்ற பழைய கோயில்களின் பதிவேடுகள் இதனாலேயே பொக்கிஷம். பங்குத் தந்தையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது. மஹர் தொகையும் சாட்சிகளும் அதில் உண்டு.

இந்துக் குடும்பங்களுக்கு இந்த வசதி இல்லை. 1955 இந்துத் திருமணச் சட்டம் பதிவுக்கு வழி செய்தது, கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்றானது 2009 நவம்பரில்தான். அதற்கு முந்திய கல்யாணத்துக்குச் சாட்சி கல்யாணப் பத்திரிகையும் மொய் நோட்டும். மொய் நோட்டைக் கேலியாக நினைக்க வேண்டாம். தேதி, மண்டபம், ஊர் ஊராக உறவினர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து எழுதிய மொய், அவர் எந்தக் கம்பெனி என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் காகிதம் தொடங்குவது பர்மாவின் சுதந்திரத்துக்குப் பின். வெளிநாட்டவர் என்று பர்மா அரசு கொடுத்த பதிவுச் சான்று, ரங்கூன் இந்தியத் தூதரகத்தின் பயணச் சான்று, இங்கே இறங்கியபின் கிடைத்த மறுவாழ்வுத் தாள்கள் என்று மூன்று வகை. பர்மிய ஆவணத்தில் பெயருக்கு முன்னால் 'கோ', 'ஊ', 'மா' என்று இருந்தால் திகைக்க வேண்டாம். அது மரியாதை அடைமொழி, பெயரின் பகுதியல்ல. வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியில் குடும்பத்தில் யாராவது உறுப்பினரா என்று விசாரியுங்கள். தாயகம் திரும்பியவர் என்பதற்குக் காட்டிய சான்றின் நகல் அங்கே இருக்க வாய்ப்புண்டு. சேப்பாக்கத்தில் மறுவாழ்வுத் துறையிடமும் எழுதிக் கேட்கலாம்.

இங்கே வந்தபின் பார்த்த வேலையைக் கண்டுபிடிப்பது எளிது. ஹார்பரிலோ ரயில்வேயிலோ இருந்தவருக்குப் பணிப் பதிவேடு உண்டு. ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயரும் இருக்கும். லேலண்ட், விம்கோ, என்ஃபீல்டு என்று தொழிற்சாலைப் பக்கம் போனவர்களுக்கு 1952 சட்டப்படி வந்த வருங்கால வைப்பு நிதி. அதன் வாரிசு நியமனப் படிவத்தில் மனைவி, மக்கள் பெயர் வயதோடு இருக்கும். கேட்கப் போகும்போது வாரிசுச் சான்றிதழைக் கொண்டுபோங்கள்.

பலர் தடுமாறுவது ஜில்லாவில். எர்ணாவூர் இன்று சென்னை. 2018க்கு முன் திருவள்ளூர் மாவட்டம், 1997க்கு முன் செங்கல்பட்டு. பழைய பத்திரத்தைச் சென்னை என்று மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம். திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011இல் மாநகராட்சியில் சேர்ந்ததால், பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கு இப்போது முதல் மண்டல அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

டிரங்குப் பெட்டியில் பர்மா தாள் ஏதாவது கிடைத்தால் உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஓடி லேமினேஷன் மட்டும் போடாதீர்கள். சூட்டில் மை கெடும், பிறகு தாளைப் பிரித்தெடுக்கவும் முடியாது.