டாக்டர் மூஞ்சேயின் சீருடைக் கனவு

யார் சிப்பாய் ஆகலாம் என்பதை ஆங்கிலேயர் முடிவு செய்த காலத்தில் அதற்கு எதிராகப் பிறந்தது நாசிக் ராணுவப் பள்ளி. அந்தத் தடை நீங்கிப் பல பதிற்றாண்டுகள் ஆன பிறகும் அதைச் சுற்றிய விவாதம் ஓயவில்லை.

1931 மார்ச் 19. ரோம் நகரின் பலாஸோ வெனிஸியா மாளிகை. லண்டன் வட்டமேஜை மாநாட்டில் கலந்துகொண்டு ஊர் திரும்பும் வழியில் இத்தாலியில் இறங்கியிருந்த 58 வயது இந்தியர் ஒருவர், அந்த நாட்டின் சர்வாதிகாரி பெனிட்டோ முசோலினியைச் சந்தித்தார். வந்தவர் மன்னர் அல்ல, படைத் தளபதியும் அல்ல. நாக்பூரைச் சேர்ந்த கண் மருத்துவர் டாக்டர் பாலகிருஷ்ண சிவராம் மூஞ்சே. இந்து மகாசபையின் முன்னணித் தலைவர்.

அந்தப் பயணத்தில் மூஞ்சே கோயில்களையும் சிற்பங்களையும் தேடிப் போகவில்லை. ராணுவக் கல்லூரி, உடற்பயிற்சிப் பள்ளிகள், 'பலில்லா' என்ற சிறுவர் அமைப்பு ஆகியவற்றைத்தான் பார்த்தார். எட்டு வயதிலேயே பையன்களுக்குச் சீருடை அணிவித்து, அணிவகுக்கக் கற்றுத் தந்து, பாசிச ஆட்சியின் தொண்டர்களாக வளர்க்கும் ஏற்பாடு அது. மூஞ்சே அசந்துபோனார். இந்தியாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1937-ல், நாசிக்கில் போன்ஸ்லா ராணுவப் பள்ளி தொடங்கியது. அரசாங்கத்தின் பணத்தில் அல்ல. ஒரு தனியார் சங்கத்தின் முயற்சியில்.

மூஞ்சேயின் ராணுவ மோகம் ரோமில் பிறந்ததல்ல. 1872-ல் பிலாஸ்பூரில் பிறந்து பம்பாயில் மருத்துவம் படித்த அவர், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் மருத்துவப் பணிக்காகச் சென்றவர். அதே போரில்தான் காந்தியும் இந்தியர்களைத் திரட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார். ஒரே போர்க்களத்தைப் பார்த்த இருவரும் எதிரெதிர்ப் பாடங்களைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். திலகரின் சீடரான மூஞ்சே, அவர் 1920-ல் மறைந்த பிறகு காந்தியின் காங்கிரஸில் ஒட்டவில்லை. அகிம்சை இந்துக்களைக் கோழைகளாக்கும் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தை ஏற்காதவர்கள்கூட அவரது இன்னொரு குறையை மறுக்க முடியவில்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் இந்தியர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: போர்க்குணம் கொண்ட இனங்கள், மற்றவர்கள். பஞ்சாபியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும் முதல் பட்டியலில் இடம்பெற்றார்கள். 1880-களில் மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்களைத் துச்சமாக மதிப்பிட்டவர். அடுத்த சில பதிற்றாண்டுகளில் மதராஸ் படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கும் இதே கதி. அம்பேத்கரின் தந்தை சுபேதாராக இருந்த அதே ராணுவம், 1890-களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது.

அதிகாரி பதவியோ எட்டாக்கனி. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் 1918-ல்தான் இந்தியர்களுக்கு இடம் கிடைத்தது. அதுவும் ஆண்டுக்குப் பத்தே இடம். அங்கே போகும் பையன்களைத் தயார்செய்ய 1922-ல் டேராடூனில் அரசே ஒரு ராணுவப் பள்ளியைத் திறந்தது. இந்தியாவிலேயே அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் அகாதமி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது, தலைமைத் தளபதி செட்வோட் தலைமையில் 1931-ல் அமைந்த குழுவில் மூஞ்சேயும் உறுப்பினர். மறு ஆண்டு டேராடூனில் இந்திய ராணுவ அகாதமி 40 பேருடன் தொடங்கியது. பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன மானெக்ஷா அந்த நாற்பதில் ஒருவர்.

அகாதமி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் நுழையத் தகுதியான பையன்கள் எங்கிருந்து வருவார்கள்? பரம்பரைச் சிப்பாய்க் குடும்பங்களிலிருந்தும் அரண்மனைகளிலிருந்தும் மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு மூஞ்சே தந்த பதில்தான் நாசிக் பள்ளி. 1935-ல் மத்திய இந்து ராணுவக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். சமஸ்தான மன்னர்களிடமும் செல்வந்தர்களிடமும் நன்கொடை கேட்டு ஊர் ஊராக அலைந்தார். அறுபது வயதைத் தாண்டியவருக்கு அது சிறிய வேலையல்ல. சிவாஜியின் குலப்பெயரைப் பள்ளி ஏற்றது. வளாகத்துக்கு 'ராமபூமி' என்று பெயர், மாணவர்களுக்கு 'ராமதண்டி'. பாடப் புத்தகங்களோடு குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் அணிவகுப்பும் பாடமாயின.

பெயர்களே பள்ளியின் நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றன. போர்க்குண இனம் என்று பிரிட்டிஷ்காரர்கள் போட்ட கோட்டை மூஞ்சே அழித்தார். எந்தச் சாதிப் பையனும் வீரனாகலாம் என்றார். ஆனால் அழித்த இடத்தில் இன்னொரு கோடு விழுந்தது. அவர் உருவாக்க நினைத்தது இந்திய வீரர்களை மட்டுமல்ல, இந்து வீரர்களை. பள்ளிக்காக அவர் தயாரித்த திட்ட அறிக்கை, குறைந்த இழப்போடு எதிரிகளைக் கொன்று வெல்லப் பையன்களுக்குக் கற்றுத்தருவது பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசியது.

மூஞ்சேயின் இத்தாலியப் பயணம் நீண்ட காலம் பொதுப் பேச்சில் அதிகம் அடிபடவில்லை. 2000-ல் இத்தாலிய ஆய்வாளர் மார்ஜியா கஸோலாரி, மூஞ்சேயின் நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை அதை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவார் மூஞ்சேயின் நிழலில் வளர்ந்தவர் என்பதால் விவாதத்தில் சூடு அதிகம். இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களில் ஐரோப்பா போய்வந்த பல நாட்டவரும் முசோலினியின் ஒழுங்கைக் கண்டு மயங்கியதுண்டு. அந்த ஒழுங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகம் முழுமையாக உணர்ந்தது பிறகுதான்.

மூஞ்சே 1948-ல் காலமானார். அவர் போராடிய காரணங்களில் பெரும்பாலானவை அதற்குள் வழக்கொழிந்துவிட்டன. இந்தியர்களின் ராணுவம் இந்தியர்களின் கைக்கு வந்தாயிற்று. நாசிக் இருக்கும் அதே மகாராஷ்டிரத்தில், புனே அருகே கடக்வாஸ்லாவில், தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு 1949-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனின் முயற்சியால் 1961-ல் சைனிக் பள்ளிகள் பிறந்தன. அவற்றில் ஒன்று சதாராவில். மறு ஆண்டு தமிழகத்தின் அமராவதி நகருக்கும் ஒன்று கிடைத்தது. எந்தக் குடும்பத்துப் பையனும், எந்த மதத்துப் பையனும் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே சேரலாம். மூஞ்சேயின் கேள்விக்கு அரசாங்கம் தந்த பதில் அது.

நாசிக் பள்ளி மூடப்படவில்லை. பையனுக்கு ஒழுக்கமும் உடற்கட்டும் வேண்டும், முடிந்தால் ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு நிறுவனரின் நாட்குறிப்பு முக்கியமல்ல. ஆனால் பழைய நிழல் அவ்வப்போது திரும்பி வந்தது. 2008 செப்டம்பர் 29-ல் மாலேகாவ்ன் குண்டுவெடிப்பில் ஆறு பேர் இறந்தபோது, விசாரணையில் பள்ளியின் பெயரும் அடிபட்டது. பள்ளியோடு தொடர்புடையவர்களைப் போலீஸார் விசாரித்தார்கள். அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ஏழு பேரையும் 2025 ஜூலை 31-ல் தனி நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. பத்திரிகைத் தலைப்புகளில் அடிபட்ட பெயருக்குப் பதினேழு ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்.

இப்போது மூஞ்சேயின் கேள்வி புது வடிவில் திரும்பியிருக்கிறது. அரசு சாரா அமைப்புகள், தனியார் பள்ளிகள், மாநில அரசுகளோடு கைகோத்து 100 புதிய சைனிக் பள்ளிகளைத் தொடங்க மத்திய அமைச்சரவை 2021 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. வாய்ப்புகள் பெருகும் என்கிறது அரசு. அரசியல், மதச் சார்புள்ள அமைப்புகளிடம் வருங்கால அதிகாரிகளை ஒப்படைக்கலாமா என்று கேட்கிறார்கள் விமர்சகர்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதற்கு நாசிக்கின் வரலாறே சாட்சி. அரசு கதவைச் சாத்தியபோது அதைத் தட்டியது ஒரு தனிமனிதரின் பிடிவாதம். அதே பிடிவாதம், கதவு திறந்தால் உள்ளே யார் வர வேண்டும் என்ற தன் விருப்பத்தையும் கூடவே கொண்டுவந்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுத்தருவது எளிது. அதை யாருக்காகப் பிடிக்கிறான் என்பதைக் கற்றுத்தரும் பொறுப்பு யாருடையது என்பதற்குத்தான் இன்னும் ஒருமித்த பதில் இல்லை.